தூக்கத்தில் ‘லேட்டு, லேட்டு’ என்று கத்தும் தாத்தா: அமைதிப்படையிலிருந்து திரும்பியவரின் வீட்டுக்கு ஒரு பதில்

கேட்கப்பட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் 21 வயதுப் பெண் ஒருவர் தம் அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறார். தாத்தாவுக்கு 66 வயது. 1979-இல் பட்டாளத்தில் சேர்ந்து, 1996-இல் ஹவில்தாராகப் பென்ஷனில் வந்து, அதன்பின் ராயபுரத்தில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வேலை நின்றது. சென்ற ஆண்டு ஆயாவும் இறந்துபோனார். அதற்குப் பிறகு வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் தூக்கத்தில் ‘லேட்டு, லேட்டு’ என்று கத்துகிறார், காலை உதைக்கிறார், எழுப்பப் போன பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியிருக்கிறார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டதாகக் கனவு காண்கிறார் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். ஆயாவின் சாமான்களை ஒழித்தபோது, கறுப்பு டிரங்குப் பெட்டியில், பனைமரங்களுக்கு நடுவே ஏழெட்டுச் சிப்பாய்களோடு தாத்தா நிற்கும் புகைப்படமும், அவர் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்ததைக் காட்டும் காகிதமும் கிடைத்திருக்கின்றன. அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் ‘வடக்கே பார்டர்ல இருந்தேன்’ என்றுதான் அவர் இதுவரை சொல்லிவந்திருக்கிறார். ‘அங்க யாரையாச்சும் சுட்டியா தாத்தா?’ என்று பேத்தி கேட்க, எழுந்து மொட்டை மாடிக்குப் போனவர் பொழுது சாயும் வரை இறங்கி வரவில்லை.

இவற்றோடு வேறு சிலவற்றையும் பேத்தி போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறார். தெருவில் நடக்கும்போது தாத்தா எந்தப் பிள்ளையின் கையையும் பிடித்ததில்லை. ‘பத்தடி தள்ளி வா’ என்று விரட்டுவார். வீட்டில் குக்கரே கிடையாது. ஆயா கடைசி வரை சோறு வடித்துத்தான் ஆக்கினார். அம்மாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு தீபாவளியில், வாசலில் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தவரைத் தாத்தா தரையில் தள்ளி அமுக்கியதில் முன்பல் உடைந்தது. அன்றிலிருந்து அம்மா தன் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. மாமா குடிக்கிறார். இதெல்லாம் போரினால் வந்ததா, இது எங்கள் ரத்தத்திலேயே ஓடுகிறதா, இப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

நான் மனநலச் சமூகப் பணியாளராக வடசென்னையில் 23 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கடிதத்தைப் படித்து நோயை முடிவுசெய்ய எனக்கு உரிமையில்லை. அதை மருத்துவர்தான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் இந்தப் பகுதியில் முன்னாள் படைவீரர்களின் வீடுகள் பலவற்றுக்குள் போய் உட்கார்ந்து பேசியிருப்பதால், நீங்கள் எழுதியதில் எனக்குக் கேட்ட சிலவற்றை உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். இந்தியப் படையில் கட்டளைகள் இந்தியில் இடப்படுகின்றன. எந்த மாநிலத்திலிருந்து போனாலும் பயிற்சியின்போதே அந்த மொழியின் கட்டளைச் சொற்கள் உடம்பில் ஏறிவிடும். ‘லேட் ஜாவ்’ என்றால் இந்தியில் ‘படுத்துக்கொள்’ என்று பொருள். குண்டு வெடித்தாலோ எதிரே துப்பாக்கி முழங்கினாலோ, முதலில் உணர்ந்தவன் மற்றவர்களைப் பார்த்துக் கத்தும் சொல் அது. உங்கள் தாத்தா தூக்கத்தில் சொல்வது ‘லேட்டு’தானா, அதற்குப் பின்னால் ‘ஜாவ்’ என்ற இழுவையும் இருக்கிறதா என்பதை அடுத்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். என் ஊகம் சரியென்றால், அவர் எந்த டியூட்டிக்கும் நேரமாகிவிட்டது என்று பதறவில்லை; யாரையோ படுக்கச் சொல்கிறார், அவர்கள் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

இப்போது அந்தத் தீபாவளிக்குத் திரும்புங்கள். இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையின் கடைசி அணி அங்கிருந்து கிளம்பியது 1990 மார்ச் 24 அன்று. உங்கள் அம்மாவின் வயதை வைத்துப் பார்த்தால், அவர் பல் உடைந்தது அதே ஆண்டு வந்த தீபாவளியாகத்தான் இருக்க வேண்டும். போர்முனையிலிருந்து வந்து ஏழு மாதம்கூட முழுதாக ஆகாத ஒருவர், விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கிறார். குறுகிய தெருவில் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே அணுகுண்டுப் பட்டாசு வெடிக்கிறது. ஆறு வயது மகள் வெட்டவெளியில் நிற்கிறாள். அவர் அவளைத் தரையில் தள்ளி, ‘அமுக்கினார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்கிற கை அடித்துவிட்டு விலகிவிடும். அமுக்கிப் பிடித்தபடி மேலே கிடப்பது அடிக்கிறவர் செய்வதன்று. பக்கத்தில் இருப்பவர்மேல் சிதறல் பட்டுவிடாமல் தன் உடம்பால் மூடுகிறவர் செய்வது. நான் அங்கே இல்லை, அதனால் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘தீபாவளியன்று பிள்ளையை அடித்துப் பல்லை உடைத்தவர்’ என்று 36 ஆண்டுகளாக உங்கள் வீட்டில் நிலைத்துவிட்ட கதைக்கு இன்னொரு வாசிப்பும் உண்டு என்பதை உங்கள் அம்மா என்றேனும் அறிய வேண்டும்.

பத்தடி தள்ளி வரச் சொன்னதும் இதே வகைதான். ரோந்து போகும்போது சிப்பாய்கள் ஒருவரையொருவர் ஒட்டி நடக்கக் கூடாது என்பது காலாட்படையின் பால பாடம். ஒரு கண்ணிவெடி வெடித்தால் ஒருவரோடு போகட்டும், கூட்டமாகப் போகக் கூடாது என்பதற்காக. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் வன்னியின் காட்டுப் பாதைகளிலும் அமைதிப்படையினரில் மிகப் பலர் கண்ணிவெடிக்கே காலையும் உயிரையும் கொடுத்தார்கள். அப்படி மூன்று ஆண்டுகள் நடந்துவிட்டு வந்தவரின் காலுக்கு, மாநகராட்சி தோண்டி மூடிய மண்மேடு எது, வெடி புதைத்த மண் எது என்ற வேற்றுமை தெரியாது. என்னிடம் வந்த ஒருவர், கொருக்குப்பேட்டைக்காரர், தெருவில் குடிநீர்க் குழாய்க்காகப் பள்ளம் வெட்டி மூடினால் மழை பெய்து அந்த மண் படியும் வரை அடுத்த தெரு வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவார். அவருடைய மகன் அதைச் சொல்லி என்னிடம் அழுதான். ‘எங்க அப்பா என் கையப் புடிச்சி ஸ்கூலுக்குக் கூட்டினு போனதே இல்ல சார், எங்கள அவருக்குப் புடிக்காதுன்னே நெனச்சேன்’ என்றான். பிடிக்காதவர்களை யாரும் பத்தடி தள்ளி நடக்கச் சொல்லிப் பாதுகாப்பதில்லை என்பது அந்தப் பையனுக்கு 30 வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

குக்கர் விஷயத்தில் நான் வணங்க நினைப்பது உங்கள் ஆயாவை. முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குள் சீறி எழும் விசிலை அவர் 35 ஆண்டுகள் வீட்டைவிட்டு விலக்கி வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் இன்னும் பல நினைவுக்கு வரும். பாத்திரத்தைக் கீழே போடாதே என்று அவர் அதட்டியது, தாத்தா படுத்திருக்கும்போது கதவை ஒருக்களித்தே வைத்தது, தெருவில் சாவு மேளமும் சரவெடியும் வரும் என்று தெரிந்தால் ஏதாவது காரணம் சொல்லி அவரைக் கடைக்கு அனுப்பியது என்று ஒவ்வொன்றாக வரும். சாவு ஊர்வலத்தில் வெடி போடாத தெரு நம் பகுதியில் ஏது? என்ன நோய், என்ன பெயர் என்று எதுவும் தெரியாமலே ஒரு பெண் தன் அறிவைக் கொண்டு கட்டிய அணை அது. ஆயா போனதும் அது உடைந்தது. இரவுக் காவல் வேலை, விழித்திருப்பதையே ஒரு கடமையாக்கி அவருக்குக் கவசமாக இருந்தது, அதுவும் போயிற்று. ‘இத்தனை வருடம் இல்லாமல் இப்போது ஏன்’ என்று கேட்டிருந்தீர்கள். இத்தனை வருடமும் இருந்தது, அதை இரண்டு பேர் சேர்ந்து தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதே என் பதில். முதுமையில், வேலை நின்று, துணை இறந்து, நினைவின் கட்டுமானம் சற்றே தளரும்போது பழைய போர் நினைவுகள் மீண்டும் மேலெழுவது உலகெங்கும் முன்னாள் வீரர்களிடம் கண்டறியப்பட்ட ஒன்று.

அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். இதற்கு அவரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமன்று.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் நம் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. தமிழ் மக்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று நம்பித்தான் போனார்கள், மக்களும் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். அக்டோபர் 10-இல் விடுதலைப் புலிகளோடு சண்டை மூண்டது. அதற்குப் பிறகு, காப்பாற்றப் போன ஊரிலேயே வீடு வீடாகச் சோதனை போட வேண்டியவர்களாக அவர்கள் ஆனார்கள். இந்தப் படையில் பெரும்பாலானோருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரிந்த சிப்பாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாசலில் நின்று ஒரு தாய் அழுது சொல்வதை அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அவனைத்தான் முன்னே தள்ளுவார்கள். மற்றவர்களுக்கு வெறும் கூச்சலாகக் கேட்டது, அவனுக்குத் தன் அம்மாவின் மொழியில் சொல் சொல்லாகக் கேட்டது. என்னிடம் பேசிய ஒருவர், ‘அடிபட்டவன் எல்லாரும் அம்மானுதான் கத்துறான் சார், ரெண்டு பக்கமும்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

ஏறத்தாழ 1,200 பேரை அங்கே இழந்துவிட்டு அந்தப் படை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியது. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்குப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்ற அவருடைய நிலைப்பாட்டுக்குப் பின்னால் அன்றைய தமிழ்நாட்டு மக்களின் பெரும் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கும் காரணம் இருந்தது. அதைத் தவறென்று சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்தக் கப்பலிலிருந்து இறங்கிய வண்ணாரப்பேட்டைத் தமிழன் ஒருவன் யாரிடம் போய் என்ன சொல்லியிருக்க முடியும்? தெருவில் சொன்னால் துரோகி. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகோ, இலங்கையில் இருந்தேன் என்று வாயைத் திறப்பதே வம்பு. கார்கில் வீரருக்கு ஊரில் சிலை வைக்கிறோம், தெருவுக்குப் பெயர் சூட்டுகிறோம். பரமேஸ்வரன் என்ற தமிழ் மேஜர் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்து, போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா பெற்றார். அந்தப் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? போர் முடிந்து வந்தவன் தான் கண்டதைச் சொல்ல ஊர் காது கொடுத்தால் புண்ணில் பாதி ஆறும். உங்கள் தாத்தா ‘வடக்கே பார்டர்ல இருந்தேன்’ என்று சொன்ன பொய், ஊர் கேட்க விரும்பிய பதில்.

இனி மருத்துவம். இந்த நிலைக்கு ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்று தமிழில் எழுதுகிறோம், மருத்துவமனையில் பி.டி.எஸ்.டி. என்றே சொல்வார்கள். முதல் உலகப் போரின்போது 1915-லேயே ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரில் இதைப் பற்றி மருத்துவர்கள் எழுதத் தொடங்கிவிட்டாலும், இன்றைய பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது இடம்பெற்றது 1980-இல்தான், வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள் படும் பாட்டைப் பார்த்தபின். நடந்தது கனவிலும் விழிப்பிலும் மீண்டும் மீண்டும் நடப்பது, அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, அன்பு உட்பட எல்லா உணர்ச்சியும் மரத்துப்போவது, ஆபத்து எந்நேரமும் வாசலில் நிற்பதுபோல் உடம்பு விறைத்தே இருப்பது ஆகியவை இதன் முக்கிய அடையாளங்கள். உங்கள் கடிதத்தில் இவை நான்குமே இருக்கின்றன.

இருந்தாலும், எல்லாவற்றையும் போரின்மேல் போட்டுவிட வேண்டாம் என்று உங்களை எச்சரிக்கிறேன். 50 வயதைக் கடந்த ஆண்கள் தூக்கத்தில் கனவை அப்படியே நடித்து, கத்தி, உதைத்து, பக்கத்தில் படுத்தவரை அடிப்பதற்குத் தூக்கத்தின் ஒரு கட்டத்தில் தசைகள் தளராமல் போகும் தனி நோய் ஒன்றும் காரணமாகலாம். அது சிலருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் நோயாக மாறக்கூடியது என்பதால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். குறட்டையோடு மூச்சுத் தடைபடுதல், சர்க்கரைக்கு மாத்திரை போடுபவருக்கு இரவில் சர்க்கரை இறங்குதல், மறதி நோயின் தொடக்கம் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். பென்ஷன்காரர் என்பதால் முன்னாள் படைவீரர் சுகாதாரத் திட்டத்தின் இ.சி.எச்.எஸ். அட்டை அவரிடம் இருக்கும். இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். அது கைகூடும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றன, உங்களுக்கு அதுதான் பக்கம். ‘மென்டல் ஆஸ்பத்திரிக்கா கூப்பிடுற’ என்று அவர் சீறக்கூடும். ‘தூக்கம் சரியில்லை, அதைக் காட்டிவிட்டு வரலாம்’ என்று அழைத்தால் வருவார். அது பொய்யும் அல்ல.

சிகிச்சை உண்டு, 66 வயதிலும் பலிக்கும். அதிர்ச்சியை மையமாக வைத்த பேச்சு வழிச் சிகிச்சைகளே இதற்கு முதன்மையானவை. செர்ட்ராலின் போன்ற மருந்துகள் பலருக்குத் துணை செய்கின்றன. மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். இந்த நோய்க்கு அது மருந்தன்று. குடியோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அவர் நாள்தோறும் குடிப்பவராக இருந்தால், ஒரே நாளில் பாட்டிலைப் பிடுங்கி ஒளித்துவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வரலாம், அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். மாமாவுக்கும் இது பொருந்தும். ‘நான் இருந்து என்ன ஆகப்போகிறது’ என்ற பாங்கில் தாத்தா பேசினால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எந்நேரமும் தமிழில் பேச டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது.

இரவில் அவர் கத்தும்போது தொட்டு எழுப்பாதீர்கள். உங்கள் மணிக்கட்டை முறுக்கியது உங்களையென்று நினைத்து அல்ல. விளக்கைப் போட்டுவிட்டு, கால்மாட்டில் நான்கடி தள்ளி நின்று, அவருடைய பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். ‘தாத்தா, வண்ணாரப்பேட்டையில நம்ம வீட்டுல இருக்கீங்க, நான் உங்க பேத்தி’ என்று அவர் கண் உங்கள்மேல் நிலைக்கும் வரை அதே சொற்களை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பிறகு தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று அப்போது கேட்க வேண்டாம்.

‘எங்கள் ரத்தத்தில் ஓடுகிறதா’ என்ற கேள்வியில் உங்கள் பயம் தெரிகிறது. 1966-இல் கனடாவில், யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகள் தாங்கள் காணாத ஒன்றுக்காக அவதிப்படுவதை ராகாஃப் என்ற மனநல மருத்துவர் எழுதிய நாளிலிருந்து இந்த ஆராய்ச்சி நடக்கிறது. அதிர்ச்சி மரபணுக்களின் செயல்பாட்டில் குறி வைத்துப் பேரப்பிள்ளை வரை போகிறது என்று இணையத்தில் பலரும் அடித்துப் பேசுகிறார்கள். மனிதரிடத்தில் அதற்குக் கிடைத்துள்ள சான்று மிகச் சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது. அதை நம்பி நீங்கள் பயப்பட வேண்டாம். ஒரு வீட்டில் இது கடத்தப்படும் வழி அதைவிட எளியது, கண்ணுக்குத் தெரிவது. மூன்று வயதில் பிரிந்து, ஆறு வயதில் திரும்பக் கண்ட அப்பா ஏன் சிரிப்பதில்லை என்று ஒரு குழந்தைக்குத் தெரியாது. காரணம் தெரியாத குழந்தை, தானே காரணம் என்று முடிவுசெய்துகொள்ளும். அதனால் அவர் முகத்தையே பார்த்துப் பார்த்து அடி வைக்கப் பழகும். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்து தாயானால், இரவில் மூன்று முறை தாழ்ப்பாளைச் சரிபார்க்கும், மகள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நடுங்கும். உங்கள் அம்மாவை அப்படித்தான் வருணித்திருக்கிறீர்கள். மாமா தன் வழியில் அதை மறக்கப் பார்க்கிறார். இதில் ரத்தத்தின் வேலை எவ்வளவு என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் பேசாமையின் வேலையை மாற்ற முடியும்.

இவ்வளவும் அம்மாவிடம் சொல்லும்போது ஒன்றில் கவனம் வேண்டும். காரணம் தெரிந்துவிட்டதால் அம்மா தன் கோபத்தை விட்டுவிட வேண்டும் என்று கேட்காதீர்கள். பல் உடைந்தது உண்மை. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஒரு நாளும் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளாததும் உண்மை. காப்பாற்றத்தான் தள்ளினார் என்றால்கூட, பிறகு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்டால் அதற்கு நியாயம் இருக்கிறது. தேவையென்றால் அம்மாவும் தனக்கென்று ஓர் ஆலோசகரைப் பார்க்கலாம்; தாத்தா குணமாகும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றை எழுதத் தயங்கினேன். ஆனாலும் மறைப்பது சரியாகாது. நீங்கள் கேட்கத் தொடங்கினால், தாத்தா பட்டது மட்டும்தான் வெளியே வரும் என்று சொல்ல முடியாது. 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அதில் முதல் நாள் தீபாவளி. உங்கள் தாத்தா அங்கே இருந்தார் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அவர் இருந்த படை காலடி வைத்த ஊர்களிலும் தாத்தாக்கள், ஆயாக்கள் இருக்கிறார்கள், அவர்களும் இரவில் கத்துகிறார்கள். புழல் காவாங்கரை முகாமிலும் கும்மிடிப்பூண்டி முகாமிலும் அவர்களில் சிலர் நமக்கு அக்கம்பக்கமாகவே வாழ்ந்துவருகிறார்கள். வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனாத்தன் ஷே என்ற அமெரிக்க மருத்துவர், பயத்தால் வரும் காயம் வேறு, அறம் மீறப்படுவதால் வரும் காயம் வேறு என்று பிரித்துச் சொன்னார். தன் அறத்துக்கு விரோதமானதைச் செய்ததாலோ தடுக்க முடியாமல் பார்த்து நின்றதாலோ வரும் காயத்தையும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதில் சேர்த்தார்கள். விழுப்புண்ணுக்கும் புறப்புண்ணுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழி நம்முடையது. இந்த மூன்றாவது புண்ணுக்குச் சொல் இல்லை. அறக்காயம் என்று நான் எழுதிவருகிறேன். அந்தக் காயம் உள்ளவரிடம் ‘நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல’ என்று அவசரமாகச் சொல்லக் கூடாது. அவர் சொல்ல வாயெடுத்ததை அது அடைத்துவிடும். தீர்ப்புச் சொல்லாமல், மன்னிப்பும் வழங்காமல், கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொண்டு அதன்பின் தொடங்குங்கள். முடியாது என்று தோன்றினால் அதில் வெட்கமில்லை, அந்த வேலையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

‘யாரையாச்சும் சுட்டியா’ என்பது இனி எப்போதும் கேட்கக் கூடாத கேள்வி. இதில் எனக்கே பட்ட பாடம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு முன்னாள் வீரரை மனைவி மக்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது நடந்ததைச் சொல்லும்படி நான் வற்புறுத்தினேன். பேசினால் பாரம் இறங்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்துவிட்டு, ‘பாத்ரூம் போய்ட்டு வரேன்’ என்று எழுந்து போனவர் திரும்ப வரவில்லை. அதன்பின் எந்த மருத்துவமனைக்கும் அவர் வரவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார். அந்தத் தவறு இன்றும் எனக்கு வலிக்கிறது. பாரம் இறங்க வேண்டுமானால் எப்போது, யாரிடம், எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும்.

எதிரெதிரே உட்கார்ந்து கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை செய்துகொண்டே பேசுங்கள். மீன் ஆயும்போதோ, கீரை கிள்ளும்போதோ, இருவர் கண்ணும் கைவேலையில் இருக்கும்போது பேச்சு எளிதில் வரும். கப்பலில் என்ன சாப்பாடு போட்டார்கள், அந்த ஊர்த் தண்ணீர் எப்படி இருக்கும், அவர்கள் பேசும் தமிழ் முதலில் புரிந்ததா என்று கேளுங்கள். அந்தப் புகைப்படத்தைக் கையில் கொடுத்து, ‘இவங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்கா தாத்தா’ என்று மட்டும் கேளுங்கள். அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருவார்; ஏதாவது ஒரு முகத்தில் விரல் நின்றுவிடும். அங்கே நீங்களும் நின்றுவிடுங்கள்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவுக்குப் பிறகு காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும்தான் தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி என்றாலும், நம் தெருக்களில் அது முதல் நாளே தொடங்கி நடுராத்திரி வரை நீளும். ஊருக்குள் வெடிச் சத்தம் குறைவாக உள்ள உறவினர் வீடு இருந்தால் இரண்டு நாள் அழைத்துப் போங்கள். இல்லையென்றால் உள் அறையில் ஃபேனைப் போட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்து, யாராவது ஒருவர் அவரோடு இருங்கள்; எந்த நேரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள், ஏனென்றால் எதிர்பார்த்த வெடியை அந்த உடம்பு ஓரளவு தாங்கிக்கொள்ளும். அந்த நேரம் கூட இருப்பவர் உங்கள் அம்மாவாக இருக்க முடியுமா என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் நீங்கள் இருங்கள்.